பூக்கட்டிப் பார்த்து வாங்கிய மிஷின்

கொடைக்கானல் மலையில் டிவி கோபுரம் எழும்பி, வாலாங்குறிச்சி மொட்டைமாடிகளில் எல்லாம் ஆன்டெனா முளைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கடைத்தெருவில் நாய்கூட நடமாடாமல் போன அந்தக் காலத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெஸ் நடத்திவந்த சீனியம்மாள், சொந்த வீட்டில் சொந்த டிவி இருந்தும் ஒரு படத்துக்காவது முடிவைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. சிரிக்காதீர்கள். ஐந்தரைக்குப் படம் போடுவான். வெங்காயத்தையும் அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக டிவி முன்னால் உட்காருகிறவள் அவள்தான். கதாநாயகன் பிறப்பதையும், வளர்வதையும், காலேஜுக்குப் போய் மரத்தைச் சுற்றி ஓடுவதையும், வில்லன் மீசையை முறுக்குவதையும் பார்ப்பாள். அதற்குள் மணி ஏழாகும். லாரி டிரைவர்களும், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளைகளும், லாட்ஜில் தங்கியிருக்கும் மருந்துக் கம்பெனி ஆட்களும் வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். எழுந்து அடுக்களைக்குள் போனால் போனதுதான். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும் வரும். டுமீல் என்று கேட்கும். சுட்டவன் யார், செத்தவன் யார் என்று தெரியாமலே தோசையைத் திருப்பிப் போட வேண்டும்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் சங்கரலிங்கத்துக்கு அங்கிருந்தே டிவி தெரியும். மகராசன் முழுப் படத்தையும் பார்ப்பார். கடைசி ஆள் கை கழுவிப் போன பிறகு, கடைசியில் என்ன ஆச்சு என்று இவள் கேட்பாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது என்பார். எந்தப் படத்துக்கும் அதே பதில்தான். இவளும் நம்பினாள். நம்பி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கினாள். முட்டைக்காரி ராசக்கனி ஒருநாள் பேச்சுவாக்கில், போன தையில் போட்டானே அந்தப் படத்தில் கதாநாயகி கடைசியில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாளே, பாவம், என்று சொல்லிவிட்டாள். சீனியம்மாள் வாங்கின முட்டையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை கிணற்றில் விழுந்தவளுக்காக மட்டுமில்லை. இன்னும் எத்தனை பேர் எந்தெந்தப் படத்தில் செத்துக்கிடக்கிறார்களோ, எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் என்றல்லவா இத்தனை வருஷமும் மாவாட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துத்தான் அவளுக்கு ஆறவே இல்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம், டிவியில் வருகிற படத்தை அப்படியே பிடித்து வைக்கிற வீடியோ மிஷின் வாங்கித் தந்தால்தான் இந்த அடுப்பு எரியும் என்று புருஷனிடம் சொன்னாள். மெஸ்காரனுக்கு அடுப்பு எரியாதென்றால் அப்புறம் என்ன இருக்கிறது? சிங்கப்பூரிலிருந்து திரும்பி மணிக்கூண்டுப் பக்கம் கடை போட்டிருந்த காதர் மைதீனிடம் மறுநாளே இருவரும் போனார்கள்.

காதர் மைதீன் கடையில் இரண்டு மிஷின் இருந்தது. ஒன்று பெரிய கேசட் போடுகிறது, மற்றது சின்ன கேசட் போடுகிறது. பெரிய கேசட்டில் படம் நிறையக் கொள்ளும், சின்னதில் படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக விழும், ஆனால் பெரியதன் கேசட் சின்னதற்குள் போகாது, சின்னதன் கேசட் பெரியதற்கு ஆகாது. ஒரே வீட்டு ஓரகத்திகள் மாதிரி என்று காதர் மைதீன் விளக்கினார். அவ்வளவுதான், ஊரே ரெண்டுபட்டது. டிராயிங் மாஸ்டர் சின்னதுதான் என்றார். கூட்டுறவு பாங்க் செகரட்டரி, வாங்குவதை வாங்குகிறோம், பார்க்க லட்சணமாகப் பெரிதாக வாங்க வேண்டாமா என்றார். சலூனில், டீக்கடையில், ரேஷன் வரிசையில், ஆயுசில் வீடியோ மிஷினைத் தொட்டுப் பார்க்காதவனெல்லாம் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நின்று பேசினான். மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவன் ஆளுக்கொரு யோசனை சொன்னதில் சீனியம்மாளுக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று.

வாலாங்குறிச்சியில் தலை கிறுகிறுத்தால் செய்வதற்கு ஒரு வழி உண்டு. ஓடைக்கரையம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்பு அரளி ஒரு காகிதத்தில், வெள்ளை நந்தியாவட்டை ஒரு காகிதத்தில், வெளியே தெரியாமல் மடித்து அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்தால் அதுதான் உத்தரவு. அந்த ஊரில் கல்யாணம், கிணறு, குடல்வால் ஆப்பரேஷன் எல்லாமே பூ சொன்னபடிதான். சிவப்பு பெரிய கேசட், வெள்ளை சின்ன கேசட் என்று சொல்லிப் பூசாரி மூக்கன் குலுக்கிப் போட்டு எடுத்தார். வெள்ளை வந்தது. வாங்கப் போனபோது காதர் மைதீன் மனசாட்சிக்குப் பயந்த மனுஷராக, “தங்கச்சி, நம்ம ஊர் படமெல்லாம் நீளம். இந்தச் சின்ன கேசட்டுல முழுசும் கொள்ளாது, பாத்துக்க” என்றார். அம்மன் சொன்ன பிறகு நீளமென்ன அகலமென்ன என்று கூட வந்த ஏழெட்டுப் பேரும் அவர் வாயை அடைத்தார்கள்.

மிஷினுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, டிவிக்குப் பக்கத்தில் மணையில் உட்காரவைத்தாள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் வெற்றிலை பாக்கு அம்மனுக்கு வைத்து அழைப்பது அங்கே வழக்கம். சீனியம்மாளும் கோயிலுக்குப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை வைத்து, ஆத்தா, வர்ற ஞாயித்துக்கிழமை முதன்முதலா படம் புடிக்கிறோம், நீதான் வந்து இருந்து நடத்திக் குடுக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லாரும் சொல்கிறதுதான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மனுக்கென்று யார் ஒரு நாற்காலி ஒதுக்கி வைக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அம்மன் வந்தாள். தை மாதம் சாத்திய அரக்குப் பட்டு, கழுத்தில் எலுமிச்சை மாலை, வெள்ளிக் கண்மலர், கோயில் எண்ணெய் வாசம். வாசலில் குனிந்து, கிரீடம் நிலையில் இடிக்காமல் உள்ளே வந்தாள். எட்டுக் கைகளில் ஆறு கைகளைக் கூட்டத்தில் யார் மேலும் படக்கூடாதென்று முந்தானைக்குள் மடக்கி வைத்திருந்தாள். சங்கரலிங்கம் கல்லாவை விட்டு எழுந்து, வா ஆத்தா, சாப்பிட்டியா என்று கேட்டார். பசி இல்லை, எங்கே உட்கார என்று அம்மன் கேட்டாள். இரும்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மாலையைக் கழற்றி, சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூப்பிட்ட மரியாதைக்கு வந்திருக்கிறாள், இதில் என்ன இருக்கிறது என்று ஊர் சொல்லிவிட்டது. நாமும்தானே கூப்பிட்டோம், நம்ம வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் சில வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நடந்தது.

ஒரு வாரம் வந்திருந்தால் சரி. வாராவாரம் வர ஆரம்பித்துவிட்டாள். அதற்குத் தக்கபடி ஊர் தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. ஞாயிறு சாயரட்சை பூஜை மெஸ்ஸில் நடக்கும் என்று கோயில் கதவில் கரிக்கட்டியால் எழுதிப் போட்டார்கள். மூக்கன் தட்டும் மணியுமாக இங்கே வந்து, முக்கியமான கட்டம் ஓடும்போது மணி அடித்து அம்மனிடம் முறைப்பு வாங்கிக்கொண்டு, பிறகு துணியைச் சுற்றி மணி அடிக்கப் பழகினார். குறை சொல்ல வருகிறவர்கள் நடுவில் செய்தி வாசிக்கிற நேரத்துக்கு வந்தார்கள். செய்தி முடிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டுமென்பதால், மாமியார் கொடுமையை ஒரு மணி நேரம் சொல்கிறவர்கள்கூட நாலு வார்த்தையில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மின்சார ஆபீஸ்காரர்கள் ஞாயிறு சாயங்காலம் கரண்ட் எடுப்பதை விட்டுவிட்டார்கள். அம்மன் படம் பார்க்கும்போது ஃபியூஸைப் பிடுங்கினவன் என்று பெயரெடுக்க எவன் துணிவான்? ஓடைக்கரையம்மன் தேர்ந்தெடுத்த கடை என்று காதர் மைதீன் போர்டு வைத்தார். பள்ளிவாசலில் ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். அந்தம்மா என் கடைச் சரக்கைத்தானே புகழுது, நான் என்ன செய்ய என்றார் அவர்.

ஒரே ஒரு தொந்தரவு. வில்லன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்தால் அம்மனுக்குக் கோபம் வரும். அம்மனுக்குக் கோபம் வந்தால் ஊரில் வேர்க்குரு வரும். ஒரு படத்தில் மாமனார் மருமகளை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாதி பேர் முதுகைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதிலிருந்து படம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு பானை நீர்மோரும் ஒரு பானை பானகமும் அம்மன் பக்கத்தில் தயாராக இருக்கும். வில்லன் மீசையில் கை வைத்தால் போதும், யாராவது ஒரு டம்ளர் நீட்டிவிடுவார்கள்.

எல்லாம் சரி, சீனியம்மாள் கதை என்ன ஆயிற்று? அங்கேதான் வினை. காதர் மைதீன் சொன்னது சொன்னபடி பலித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மிஷினை ஓடவிட்டு இவள் அடுக்களைக்குப் போவாள். திங்கட்கிழமை மத்தியானம் மெஸ்ஸுக்கு லீவு விட்டு, தலையணையைச் சுவரில் சாய்த்து, பிடித்து வைத்ததைப் போடுவாள். படம் கண்ணாடி மாதிரித்தான் விழுந்திருக்கும். கதாநாயகன் பிறப்பான், வளர்வான், ஓடுவான், வில்லன் எல்லா அக்கிரமமும் செய்வான், தாய் மகனைத் தேடுவாள், மகன் தாயென்று தெரியாமல் தாயைத் திட்டுவான், உண்மை தெரிந்த ஒரே ஆள் குத்துப்பட்டுக் கிடந்து வாயைத் திறப்பான். கேசட் தீர்ந்துவிடும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும். மிஷின் கர்ரென்று தானாகத் திரும்பிச் சுற்ற ஆரம்பிக்கும். பிடிக்கும்போதே இன்னொரு கேசட் மாற்றிப் போடலாமென்றால், ஞாயிற்றுக்கிழமை மிஷின் இப்படிச் சுற்றி முடிப்பதற்குள் படம் முடிந்து உரம் போடுவது பற்றிய நிகழ்ச்சி வந்திருக்கும். கொஞ்சம் தாமதமாக மிஷினை ஓடவிட்டால் என்ன என்று டிராயிங் மாஸ்டர் கேட்டார். ஆனால் படத்தின் ஆரம்பத்தில் ஏதாவது ஒரு சாமியைக் காட்டிக் கற்பூரம் காட்டுவார்களே, அந்தச் சாமியெல்லாம் நம்ம அம்மனுக்குச் சொந்தபந்தம், அவர்களை விட்டுவிட்டுப் பிடிப்பதா என்று மூக்கன் ஒற்றைக் காலில் நின்றார். மிஷினை மாற்றிவிடலாமா என்றால், அம்மன் எடுத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா என்று ஊரே காதைப் பொத்தியது. முன்பெல்லாம் பாதிப் படத்தோடு நிம்மதியாக இருந்தவள், இப்போது கடைசிப் படி வரைக்கும் ஏறி வாரம் தவறாமல் தொப்பென்று விழுந்தாள். மிஷின் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது, முடிவைத் தவிர.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மனும் வருவாள். ஏற்கனவே பார்த்த படம்தான், இருந்தாலும் இவளுக்குத் துணையாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்பாள். கூட்டம் இல்லாததால் எல்லாக் கைகளையும் வெளியே விட்டு ஆசுவாசமாக இருப்பாள். ரெண்டு பேருக்கும் நல்ல சிநேகம்தான். புள்ளிகள் கொதிக்க ஆரம்பித்ததும் சீனியம்மாள் திரும்பி, “ஆத்தா, நீ நேத்து முழுசாப் பாத்தியே, கடைசியில என்ன ஆச்சு?” என்று கேட்டாள். அம்மன் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, போகிறபோக்கில் இவள் தலையில் கையை வைத்து, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்றாள். அம்மனைச் சொல்லியும் குற்றமில்லை. காலம்காலமாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. சீனியம்மாளுக்கோ புருஷன் சொன்னது பொய் என்று தெரிந்தபோது வந்ததைப் போல நாலு மடங்கு எரிச்சல் வந்தது. மனுஷன் பொய் சொன்னால் சாமியிடம் போய் முறையிடலாம். சாமியே சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டான். கல்லுடைக்கிற ஒருத்தி, பெற்ற பெண்ணை வளர்க்க வழியில்லாமல் பண்ணையார் வீட்டில் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் வேலைக்காரியாக இருந்து, அந்தப் பெண்ணுக்கே சோறு ஊட்டி, தலை பின்னி, அம்மா என்று ஒரு தரம்கூடக் கூப்பிடக் கேட்காமல் வளர்க்கிறாள். சீனியம்மாள் அரிந்த வெங்காயம் பாதி, அரியாத வெங்காயம் பாதி. ஏழு மணிக்கு டிவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள். அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியுமா தெரியாதா? இது தெரியாமல் இந்த ராத்திரி எப்படிப் போகும்? கல்லில் தோசை ஊற்றினாள், கருகியது. மறுபடி ஊற்றினாள், அதுவும் கருகியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, யாரோ விசும்புகிறது கேட்டது. மிஷினில் கேசட் தீர்ந்து கர்ரென்று சுற்றுகிற சத்தமும் கேட்டது.

சீனியம்மாள் தோசைத் திருப்பியை ஒரு கையிலும் சாம்பார்க் கரண்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நேரே நடுக்கூடத்துக்கு வந்து, டிவிக்கும் அம்மனுக்கும் நடுவில் நின்றாள். சாம்பார் சொட்டியது. மூக்கன் மணியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“ஆத்தா, நான் கேட்டது முடிவு பாக்க ஒரு மிஷின். நீ எடுத்துக் குடுத்தது முடிவு இல்லாத மிஷின். நான் உன்னையக் குத்தம் சொல்லல. ஆனா இன்னைக்கு நீ எந்திரி. நான் உக்காரணும். உனக்கு எட்டுக் கை இருக்கு, எனக்கு ரெண்டுதான்.”

பந்தியில் ஒருத்தரும் மெல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் கை தானாக முதுகுப் பக்கம் போயிற்று, எப்போது அரிக்கத் தொடங்குமோ என்று. சங்கரலிங்கம் நீர்மோர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அம்மன் அதை வாங்கவில்லை. சீனியம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து, பட்டுப் புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கரண்டியையும் தோசைத் திருப்பியையும் வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

சீனியம்மாள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி ஜில்லென்று இருந்தது. அவள் முகத்துக்கு நேராக டிவி, நடுவில் யாரும் இல்லை.

உள்ளே அம்மன் எட்டுக் கைகளையும் வெளியே எடுத்தாள். ஒரு கை மாவு ஊற்ற, ஒரு கை எண்ணெய் விட, ஒரு கை திருப்ப, ஒரு கை சட்னி, ஒரு கை சாம்பார், ஒரு கை தண்ணீர், ஒரு கை இலை எடுக்க, ஒரு கை வேர்வை துடைக்க. அப்படியும் போதவில்லை. ஒருத்தன் முறுகல் என்றான், ஒருத்தன் முறுகாமல் என்றான், ஒருத்தன் முட்டையை மேலே உடைத்து ஊற்று, வெங்காயம் வேண்டாம் என்றான், நாலாவது இலைக்காரர் சொல்லி எவ்வளவு நேரமாகிறது என்று அலுத்துக்கொண்டார். விதைப்புக்கு மழை, மலடிக்குப் பிள்ளை என்று கேட்கிறவர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். தோசை கேட்கிறவன் காத்திருக்க மாட்டான் என்று அம்மனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் முடிந்தது. உரம் போடுகிற நிகழ்ச்சி வந்தது. சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. துக்கம்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமான துக்கத்தை அவள் அதுவரைக்கும் பட்டதில்லை.

அம்மன் அடுக்களை வாசலுக்கு வந்தாள். கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மூக்கு நுனியில் மாவு. நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரிஞ்சுதா, கடைசியில் என்னடி ஆச்சு என்று கேட்டாள்.

சீனியம்மாள் சொன்னாள். தனக்கு யாரும் சொல்லாத மாதிரி சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் பட்டணத்தில் கல்யாணம் என்று ஆரம்பித்து, பெட்டி கட்டினது, பெட்டியில் வேலைக்காரி யாருக்கும் தெரியாமல் அதிரசம் வைத்தது, வண்டியேறும்போது பண்ணையார் பெண்டாட்டி வாய்விட்டுக் கதறினது, பெற்றவள் அழக்கூட உரிமையில்லாமல் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது, அப்போது அந்தப் பெண் பண்ணையாரம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா என்று கூப்பிட்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பந்தியில் இருந்தவர்கள் தோசையைப் பிய்த்த கையோடு கேட்டார்கள். கையில் சட்னி காய்ந்து போனது. நாலாவது இலைக்காரர் தோசையை மறந்தார். சங்கரலிங்கம், தானும் அதே படத்தைத்தானே பார்த்தோம், இதெல்லாம் எப்போது நடந்தது என்று வாயைப் பிளந்தார்.

“பஸ் கிளம்பிருச்சு ஆத்தா. வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டு இவ ஓடுறா. ஒரே ஒரு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. பஸ் சத்தத்துல கேக்கல. புழுதி அடங்கும்போது ரோடு மட்டும்தான் இருக்கு.”

அம்மன் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு கை போதாமல் நாலு கையால் துடைத்தாள்.

“அந்த பஸ்ஸ நிப்பாட்டியிருக்கலாம்” என்றாள்.

“நிப்பாட்டியிருக்கலாம் ஆத்தா” என்றாள் சீனியம்மாள். “நீ இங்கல்ல சாம்பார் ஊத்திக்கிட்டு நின்ன.”

அம்மன் எழுந்து கரண்டியைக் கழுவப் போனாள்.